நோய்ப்போக்குக் குறிப்பான்: சொல் விளக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கான பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டியின் பெயருக்குக் கீழே ‘ஹெர்2 பாசிட்டிவ்’, ‘கேஐ-67: 30%’ என்று சில வரிகள் இருக்கும். டாக்டர்கள் இவற்றைப் பொதுவாக ‘மார்க்கர்’ என்பார்கள். மார்க்கர்களில் ‘புராக்னாஸ்டிக்’ என்று ஒரு வகை, ‘பிரிடிக்டிவ்’ என்று இன்னொரு வகை. தமிழில் எழுதும்போது இரண்டையுமே ‘முன்கணிப்புக் குறிப்பான்’ என்று எழுதிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை.

முதல் வகை, இந்த நோய் எந்த வேகத்தில் எங்கே போகும், திரும்ப வருமா, நோயாளி எவ்வளவு காலம் வாழ வாய்ப்பு உண்டு என்பதைக் காட்டுவது. எந்த மருந்து கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், நோயின் இயல்பை அது சொல்கிறது. இரண்டாம் வகை, குறிப்பிட்ட ஒரு மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்பதைக் காட்டுவது.

மூலச்சொற்களைத் தோண்டினால் இந்த வேறுபாடு கிடைக்காது. ‘புராக்னாசிஸ்’ கிரேக்கம்: ‘புரோ’ என்றால் முன், ‘க்னோசிஸ்’ என்றால் அறிதல். நம் ‘ஞானம்’ வடமொழி வழியாக வந்த சொல். அதன் வேரும் இந்த ‘க்னோ’வும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. ‘பிரிடிக்ட்’ லத்தீன்: முன்னே சொல்லுதல். முன்னறிதல், முன்சொல்லுதல் என்று இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான். மருத்துவர்கள் பின்னாளில் தங்கள் வசதிக்காக ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தமிழில் குழப்பம்தான் மிஞ்சும். செய்யும் வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

முன்னறிதல் என்ற கருத்து பழையது. பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் மரபில் வந்தவர்கள் கூர்ந்த மூக்கு, குழிவிழுந்த கண், ஒட்டிய நெற்றிப்பொட்டு, குளிர்ந்த காது ஆகியவற்றைப் பார்த்து முடிவு நெருங்குகிறது என்றார்கள். சித்த மருத்துவத்தில் நோயின் அடையாளங்களுக்குக் ‘குறிகுணம்’ என்று பெயர். சிறுநீரின் நிறம், மணம், நுரையைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, வளையமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. ‘மார்க்கர்’ என்ற சொல்லின் வேருக்கும் அடையாளம், எல்லைக்குறி என்றுதான் பொருள். அதனால் ‘குறி’ என்ற வேர் நமக்குச் சரியாகவே பொருந்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், நவீன மருத்துவத்தின் முதல் புற்றுநோய்க் குறிப்பானும் சிறுநீரில்தான் அகப்பட்டது. 1840களில் லண்டனில், எலும்பு மிருதுவாகி அவதிப்பட்ட ஒருவரின் சிறுநீரை மருத்துவர் ஒருவர், இது என்ன என்று கேட்டு வேதியியல் தெரிந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினார். அதில் இருந்த புரதம் சூடாக்கினால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரண்டது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவில் வரும் அந்தப் பொருளுக்கு இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே பெயர்.

ரிப்போர்ட்டில் வரும் கேஐ-67 என்ற புரதத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஏதோ வேதியியல் குறியீடு போலத் தெரியும், ஆனால் அது ஊர்ப் பெயர். 1983இல் வடக்கு ஜெர்மனியின் கீல் நகரில் இந்தப் புரதத்தை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். ‘கேஐ’ அந்த நகரத்தின் முதல் இரண்டு எழுத்து. ஆய்வகத் தட்டின் 96 குழிகளில் 67ஆவது குழியில் அது இருந்தது. பிரிந்து பெருகும் செல்களில் இந்தப் புரதம் இருக்கும், ஓய்வில் இருக்கும் செல்களில் இருக்காது. 30% என்றால் கட்டியின் நூறு செல்களில் ஏறக்குறைய முப்பது பெருகும் வேலையில் இருக்கின்றன என்று பொருள்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஹெர்2வை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1987இல் அமெரிக்காவின் டென்னிஸ் ஸ்லாமனும் உடன் இருந்தவர்களும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 30% கட்டிகளில் ஹெர்2 மரபணு இயல்பைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, அவர்கள் வாழ்ந்த காலமும் குறைவாக இருந்தது. அன்றைக்கு ஹெர்2 கெட்ட செய்தி மட்டுமே, அதாவது நோயின் போக்கைச் சொல்லும் குறிப்பான். அப்புறம் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்து, 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்றிலிருந்து ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்றால் ‘இந்த மருந்து உங்களுக்குப் பயன்படலாம்’ என்றும் பொருள் வந்தது. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை, மருந்து வந்ததால் குறிப்பானின் வேலை கூடியது. இரண்டு வேலைக்கும் ஒரே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

இதற்கு மறுபுறம் பெருங்குடல் புற்றுநோயில் கேராஸ் மரபணு. அதில் சில திடீர்மாற்றங்கள் இருந்தால் செடக்சிமாப் போன்ற மருந்து பலன் தராது. அங்கே முதன்மையான கேள்வி மருந்தைப் பற்றியது.

இப்போது ஒரே மரபணுவோடு நிற்பதில்லை. செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள, ஹெர்2 நெகட்டிவான ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறார்கள். ஹெர்2, கேஐ-67 இரண்டுமே அந்த 21இல் அடக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நிணநீர்க் கணுவுக்குப் பரவாத நோயில், மதிப்பெண் 11 முதல் 25 வரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதும், கீமோ தேவையில்லை என்று அது காட்டியது. 50 வயது வரை உள்ளவர்களில் மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தால் மட்டும் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது.

எந்த மார்க்கரும் யாருக்கும் நாள் குறிப்பதில்லை. ஒரே மாதிரிக் குறிப்பான் உள்ள நூறு பேரில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் அது சொல்லும். அந்த நூறு பேரில் நம் வீட்டு ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லாது. ‘முன்கணிப்பு’ என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கணிப்பு என்றதும் ஜாதகக் கட்டம் நினைவுக்கு வருகிறது.

சரி, என்ன சொல்லலாம்? மார்க்கருக்குக் ‘குறிப்பான்’ நன்றாகவே நிலைத்துவிட்டது. ‘குறியீடு’ சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது சின்னத்துக்கும் சங்கேதத்துக்கும் உரியது. ‘நோய்க்குறி’யும் கூடாது, அது அறிகுறி என்ற பொருளில் புழங்குகிறது. புராக்னாஸ்டிக் மார்க்கருக்கு ‘நோய்ப்போக்குக் குறிப்பான்’, பிரிடிக்டிவ் மார்க்கருக்கு ‘மருந்துப்பயன் குறிப்பான்’ என்பது என் பரிந்துரை. கொஞ்சம் நீளம்தான், ஆனால் படித்த உடனே எது எதற்கு என்று தெரிந்துவிடும். ஹெர்2 இரண்டும் ஆகும். கேராஸைப் பெரும்பாலும் இரண்டாவதாகச் சொல்லலாம்.

‘மாலிக்யுலர் மார்க்கர்’ என்று பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மூலக்கூற்றுக் குறிப்பான்’ என்று எழுதுங்கள். ஆறு ‘ஆற்றுமணல்’ ஆவது போல, வயிறு ‘வயிற்றுவலி’ ஆவது போல, மூலக்கூறும் இங்கே ‘மூலக்கூற்று’ என்று இரட்டிக்கும்.