மஞ்சள் விமானமும் சனிக்கிழமை இருமலும்

இருமல், இளைப்பு என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, "எந்தக் கிழமையில் அதிகம்?" என்பதுதான். வேலையிடத்துத் தூசி காரணமென்றால் வார நாட்களில் மூச்சு இழுக்கும், லீவில் அடங்கும். போன கோடையில் வந்த ஒருவருக்கு நேர்மாறு. வெள்ளி வரை ஒன்றுமில்லை. சனி ராத்திரி இருமல், ஞாயிறு விடியற்காலையில் இளைப்பு.

"வீட்டில் ஏதாவது வேலை செய்கிறீர்களா?"

"ஒன்றுமில்லை டாக்டர்."

"ஒன்றுமில்லையா? கராஜில் ஏரோப்ளேன் செய்கிறாரே!" என்றார் அவர் மனைவி.

போனில் படம் காட்டினார். டைகர் மாத். 1931-இல் முதலில் பறந்த இரட்டை இறக்கை விமானம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே ஏராளமான விமானிகள் இதில்தான் ஓட்டப் பழகினார்கள். அசலில் இறக்கை கிட்டத்தட்ட 9 மீட்டர். இவர் செய்வது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி, 48-இல் ஒரு பங்கு, 19 சென்டிமீட்டர்கூட இல்லை. "இத்தனூண்டு சாமானா டாக்டர் என்னை இருமவைக்கிறது?" என்று சிரித்தார்.

சாமான் சிறியதுதான். ஆனால் பயிற்சி விமானத்து மஞ்சள் லேசில் பிடிக்காது. வெள்ளை பிரைமர் என்ற அடிப்பூச்சின் மேல் மெல்லிசாக நாலைந்து தடவை ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றால் பெயிண்டைத் தூவும் கருவியில், அடிக்க வேண்டும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பெயிண்ட் வெளுத்துப்போகும் என்று கதவைச் சாத்தி ஏசியைப் போட்டிருக்கிறார். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிவிடும். தின்னர் ஆவி எங்கே போகும்? "வாசனை பத்து நிமிஷத்தில் போய்விடுமே" என்றார். போகவில்லை. மூக்கு பழகிவிட்டது. வாசனையே இல்லாத அக்ரிலிக் பெயிண்டும் தூவும்போது நுண்துளியாக நெஞ்சுக்குள் இறங்கும்.

மாஸ்க் போட்டிருந்தார், கோவிட் காலத்து என்95. அது துளியையும் தூசியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும், துளிக்கான வடிகட்டியும் சேர்த்து.

எனக்கு அதிகச் சந்தேகம் வேறிடத்தில். இரண்டு இறக்கைக்கும் நடுவே கம்பிக்குப் பதிலாக நூல் கட்டுகிற வேலை. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, நூலை ஊசித்துளையில் விட்டு, சூப்பர் குளூ ஒரு பொட்டு. முகத்துக்கும் பசைக்கும் ஒரு சாண்கூட இருக்காது. காய்ந்தபின் விண்ட்ஸ்கிரீனில் வெள்ளையாகப் பனி மாதிரி படியுமே, அது அந்தப் பசையின் ஆவிதான். உங்கள் மூச்சிலும் அதுதான் போகிறது. சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கும். சின்ன ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து ஆவியை முகத்தை விட்டுத் தள்ளுங்கள். முடிந்த இடத்தில் வெள்ளைப் பசை போதும்.

உள்ளே வைத்துப் பெயிண்ட் அடிக்கிற, காற்றை உறிஞ்சும் ஸ்ப்ரே பெட்டி வாங்குவதானால் குழாய் ஜன்னலுக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். பஞ்சில் வடிகட்டி அறைக்குள்ளேயே காற்றை விடுகிற பெட்டி ஆவிக்கு உதவாது. அப்புறம், அந்தக் கம்பிக்காகப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி நூலாக இழுக்கிறவர்கள் தின்னர் பாட்டிலை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டும். விரல் வெந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இவருக்கு இன்ஹேலர் கொடுத்தேன், கதவைத் திறக்கச் சொன்னேன். போன மாதம் வந்தார். இருமல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போது அவருக்கு வேறு குறை: திறந்த கதவு வழியாகக் குரங்கு வந்து மேல் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.