பல் இருந்தும் மெல்ல முடியாதது ஏன்?

எண்பது வயதிலும் குறைந்தது இருபது சொந்தப் பற்கள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு ஜப்பான் 1989-இல் ‘8020’ இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல இலக்குதான். ஆனால் பல்லை எண்ணினால் மட்டும் மெல்லும் திறன் தெரிந்துவிடாது. 2018-இல் அந்நாட்டுப் பொது மருத்துவக் காப்பீடு ‘வாய்ச் செயல்திறன் குறைவு’ என்பதைத் தனி நோயாக ஏற்றது. மொத்தம் ஏழு சோதனைகள். மூன்றில் குறை தெரிந்தால் சிகிச்சை.

மெல்லும் சோதனைக்கு வேண்டியது குளுக்கோஸ் சேர்த்த 2 கிராம் ஜெல்லி மிட்டாய். அதை விழுங்காமல் 20 விநாடி மென்று, 10 மில்லி தண்ணீரை வாயில் ஏந்தி, எல்லாவற்றையும் வடிகட்டியில் துப்ப வேண்டும். துண்டுகள் எவ்வளவு பொடியோ, அவ்வளவு குளுக்கோஸ் கரைந்திருக்கும். வடிந்த நீரில் அது டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மெல்லுதல் போதாது.

பல் இருந்தும் ஏன் குறைகிறது? ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கை குழவியைச் சுற்ற, இன்னொரு கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். வாயில், தள்ளிவிடும் கை என்பது நாக்கும் கன்னமும்; தெளிக்கும் தண்ணீர் என்பது உமிழ்நீர். நாக்கு தளர்ந்தால் சோறு கன்னத்தோரம் ஒதுங்கிக் கிடக்கும். உமிழ்நீர் வற்றினால் மென்றது உருண்டையாகத் திரளாது, தொண்டையில் அடைக்கும். அலர்ஜி, மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் வருதல் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்துபவை. அவற்றைத் தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும்.

நாக்கு, உதடு இவற்றின் வேகத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ‘பா’ என்று 5 விநாடி விடாமல் வேகமாகச் சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்து ‘தா’, பிறகு ‘கா’. ‘பா’ உதட்டையும், ‘தா’ நாக்கு நுனியையும், ‘கா’ நாக்கின் பின்பகுதியையும் சோதிக்கிறது. எதிலாவது 30 புள்ளிக்குக் குறைந்தால் தளர்ச்சி என்று பொருள். இதையே தினமும் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சியும்கூட.

முழுப் பல்செட் போட்டவர்களின் கடிவிசை, சொந்தப் பல்லின் விசையில் நான்கில் ஒரு பங்கு அளவே. மேல் செட் அண்ணம் முழுக்கப் பரவி, மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால் ஒட்டி நிற்கும். கீழ் செட்டுக்கு உட்கார அதில் பாதி இடம்தான்; நாக்கு வேறு ஓயாமல் அதை அசைக்கும். ஆகவே கொய்யாவை முன்பல்லால் கடிக்காதீர்கள், செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சிறு துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் பகிர்ந்து மெல்லுங்கள். பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகும் என்பதால், கச்சிதமாக இருந்த செட்டும் சில ஆண்டுகளில் ஆடும். அப்போது உட்புறத்தை ஈறுக்கேற்ப மறுபடி நிரப்பித் தர வேண்டியது பல் மருத்துவரின் வேலை. ‘கஞ்சி குடித்துச் சமாளிக்கிறேன்’ என்று தள்ளிப்போடுவது பெரும் தவறு. சுண்டலும் கறியும் தட்டை விட்டுப் போகும்போது புரதமும் போகிறது; தாடைத் தசை இன்னும் மெலிகிறது.

இரவில் செட்டைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். பற்பசை கீறல் போடும், கீறலில் பூஞ்சை தங்கும். மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். செட் உரசி வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், குறிப்பாக வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், உடனே காட்டியாக வேண்டும்.