கேம் ஆடும்போது திரை அணைந்தால் வாரண்டி உண்டா? சட்டம் சொல்வது இதுதான்

"கேம் ஆடுனா அப்படித்தான் தம்பி. அதுக்கெல்லாம் வாரண்டி வராது."

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தி மகனுக்குத் தருமபுரியில் ஒரு கடையில் கிடைத்த பதில் இது. கம்ப்யூட்டர் சிஸ்டம் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படம் பார்த்தால், பாடம் படித்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கேமைத் திறந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திரை கறுத்துவிடும், சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் சொன்னதை நம்பி அவன் திரும்பி வந்துவிட்டான். அங்கேதான் தப்பு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளின் தரத்திலோ திறனிலோ இருக்கவேண்டியதில் குறை இருந்தால் அது குறைபாடு என்கிறது அது. விற்பவர் எதைச் சொல்லி விற்றாரோ, அந்த அளவுகோலும் இதில் அடக்கம். அட்டைப்பெட்டியில் 'கேமிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்ற கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் பாகம்), கேம் ஆடும்போது மட்டும் படுத்துக்கொண்டால் அது குறைபாடுதான். ஏர் ஓட்டினால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி யாராவது டிராக்டர் விற்பார்களா?

ஆனால் எது பழுது என்று தெரியாமல் சண்டைக்குப் போகக்கூடாது. கடையில் அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் மானிட்டர், கார்டு, எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மூன்றுக்கும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கம்பெனிகள், மூன்று வெவ்வேறு வாரண்டிகள். ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள்.

முதலில் மானிட்டர். திரை கறுத்திருக்கும்போதே மானிட்டரின் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் சொந்த மெனு தெரிந்தால், அல்லது சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தால், திரை நன்றாகத்தான் இருக்கிறது, சிக்னல்தான் வரவில்லை. கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டிப் பாருங்கள், முடிந்தால் வேறு கேபிள் போடுங்கள். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். அப்புறம் கீபோர்டில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், புதிதாகத் தொடங்கும். படம் திரும்பி வந்தால் டிரைவர் மீது சந்தேகப்படலாம். சிஸ்டமே அணைந்து தானாக மீண்டும் எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கார்டு கேட்கும் வாட்டை அதனால் கொடுக்க முடியாமல் இருக்கலாம்.

சிஸ்டத்தில் நடந்த கோளாறுகளை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரையும் திறந்து பார்க்க வேண்டும். 4101 என்ற எண் இருந்தால் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. கெர்னல் பவர் 41 என்றால் முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் அணைந்திருக்கிறது. தேதி, நேரத்தோடு அதைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் இதுதான் சாட்சி.

நாங்கள் செய்தது இன்னும் எளிது. பக்கத்து வீட்டு டிவியைக் கேட்டு வாங்கி மாட்டினோம். அதுவும் பன்னிரண்டாவது நிமிடம் கறுத்தது, அப்படியென்றால் பழுது மானிட்டரில் இல்லை. சிஸ்டத்தின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், கார்டின் சூட்டைத் தணிக்கும் இரண்டு விசிறிகளில் ஒன்று அசையவே இல்லை. செல்போனில் அரை நிமிட வீடியோ எடுத்தோம். கார்டின் திருகு மேல் ஒட்டியிருக்கும் சீல் ஸ்டிக்கரை மட்டும் தொடவில்லை. அதைக் கிழித்தால் வாரண்டி தராமல் இருக்க அவர்களுக்கு அதுவே போதும். மின்னழுத்தம் ஏறி எரிந்துபோனதையும் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்க்காரர்கள் ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் சிஸ்டத்தை ஓட்ட வேண்டாம்.

சரி, இனி காகிதம். நம் ஊர்ப்பக்கம் பில்லுக்குப் பதிலாக எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்து அனுப்புவது சகஜம். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். சீரியல் நம்பரோடு பில் கேட்டு வாங்குங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரி பில்லின் அடியில் இருக்கும், பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே நியாயமற்ற நடைமுறைப் பட்டியலில்தான் வருகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

கடையும் கம்பெனியும் அசையவில்லை என்றால் 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடாது. கம்பெனியிடம் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. புகார் எண்ணைக் கடையில் காட்டிய மறுநாளே கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று நினைத்துக்கொண்டே போங்கள். பழுது நீக்கித் தருவது, மாற்றிக் கொடுப்பது, பணத்தைத் திருப்புவது, நஷ்டஈடு ஆகிய எதற்கும் ஆணையம் உத்தரவிடலாம்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பாதிப் பேர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில்தான் பாகங்கள் வாங்குகிறீர்கள். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, கடை இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போடமுடியும். இப்போது நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே போடலாம். அதாவது, பெங்களூருக் கடைக்காரர்தான் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

கேமிங் சென்டர் நடத்துகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பிழைப்புக்காகச் சுயதொழிலாக நீங்களே உட்கார்ந்து நடத்தும் சிறு கடை என்றால் விலக்கு உண்டு. ஆள் வைத்து இருபது சிஸ்டம் ஓட்டுகிறவர் அந்த விலக்கைக் கேட்டு வாங்குவது கடினம்.