பவர் டூலுக்குக் காப்புரிமை: க்ளெய்மில் எங்கே கோட்டை விடுகிறோம்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள் கடையில் வாங்கிய மிஷினை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பிரித்த வீட்டிலிருந்து வரும் பர்மா தேக்கில் ஆணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. வளவுத் தூணின் (வீட்டு முற்றத்துத் தூண்) உருண்டைமேல் ரவுட்டர் (மரத்தில் வரிப்பள்ளம் வெட்டும் மிஷின்) ஒழுங்காக உட்காராது. ஒரு தகட்டை வெட்டி, ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார்கள். அதில் சிலது உண்மையிலேயே புதுசாக இருக்கும். "இதுக்குப் பேடன்ட் போடுங்கண்ணே" என்று யாராவது சொல்வார்கள். வில்லங்கம் அங்கே ஆரம்பிக்கும்.

பணம் கட்டி, விண்ணப்ப எண் வாங்கி, ரசீதை லேமினேட் செய்து பட்டறைச் சுவரில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். சில வருஷம் கழித்து இணையத்தில் பார்த்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டது என்று கிடக்கிறது. க்ளெய்ம் (எது நம்முடையது என்று விண்ணப்பத்தில் சொல்லும் வாக்கியம்) தெளிவாக இல்லை என்று காப்புரிமை அலுவலகம் கேட்ட கேள்வி அவர்கள் காதுக்கே வரவில்லை.

சட்டம் சுருக்கமாக இவ்வளவுதான். காப்புரிமைச் சட்டம் வந்தது 1970-ல். காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். விண்ணப்பத்தோடு ஒரு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். அதன் கடைசியில் எண் போட்டு வரும் வாக்கியங்கள்தான் க்ளெய்ம்கள். உங்களுக்குச் சொந்தமாகக் கிடைப்பது அந்த வாக்கியங்கள் வளைத்துக் காட்டும் பகுதி மட்டும்தான். முப்பது பக்கம் விளக்கம் எழுதி, அழகாகப் படம் போட்டாலும், க்ளெய்மில் இல்லாததைப் பக்கத்துப் பட்டறைக்காரர் தாராளமாகச் செய்யலாம். க்ளெய்ம் தெளிவாக, சுருக்கமாக, விவரக்குறிப்பில் சொன்னதை ஒட்டி இருக்க வேண்டும் என்று சொல்வது பிரிவு 10(5). இந்த எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். அலுவலகம் அனுப்பும் கடிதத்தில் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

(செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது புவிசார் குறியீடு. அது ஊருக்கும் பொருளுக்கும் உள்ள உறவுக்குக் கொடுப்பது. "நம்ம ஊருக்குத்தான் ஏற்கெனவே பேடன்ட் இருக்கே" என்று சொல்பவரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.)

தெளிவில்லாத க்ளெய்ம் எப்படி இருக்கும்?

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். உருண்டைத் தூணில் நீளவாக்கில் வரி போட வேண்டும். ரவுட்டர் இடம் வலம் சாயாமல், பிட் (வெட்டும் முனை) எப்போதும் தூணின் மையத்தைப் பார்த்தபடி போக வேண்டும். அதற்கு ஒரு பட்டறையில் ஒரு பிடிப்பு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதிக் கொடுக்கும் க்ளெய்ம், தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

"ரவுட்டரில் எளிதாகப் பொருத்தக்கூடிய, தூணின் வளைவுக்கு ஏற்றவாறு அனுசரித்துக்கொள்ளும், தகுந்த இழுவிசை கொண்ட, திறன்மிக்க வழிகாட்டி அமைப்பு."

கேட்க நன்றாக இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் கேட்பார்: எளிதாக என்றால் எவ்வளவு எளிது? தகுந்த இழுவிசை என்றால் எதற்குத் தகுந்தது? ஏற்றவாறு எப்படி அனுசரிக்கிறது, எந்த உறுப்பு எந்த உறுப்பை நகர்த்துகிறது? இந்த வாக்கியத்தில் உறுப்பே கிடையாது, ஆசை மட்டும்தான் இருக்கிறது. அதே பொருளை இப்படிச் சொல்லலாம்:

"ரவுட்டரின் அடித்தட்டில் திருகும் ஒரு தகடு, அந்தத் தகட்டில் கீல் போட்டு இணைத்த இரண்டு கைகள், ஒவ்வொரு கையின் முனையிலும் தூணின் மேற்பரப்பைத் தொடும் ஓர் உருளை, இரு கைகளையும் உள்நோக்கி இழுக்கும் ஒரு ஸ்பிரிங், ஒவ்வொரு கையின் கீல் முனையிலும் ஒரு பல்சக்கரம், அவ்விரு பல்சக்கரங்களும் ஒன்றையொன்று கவ்வியிருப்பதால், தூணின் விட்டம் மாறினாலும் இரு கைகளும் ஒரே கோணத்தில் விரிந்து, ரவுட்டர் பிட்டைத் தூணின் மைய அச்சை நோக்கியே நிறுத்தும் வழிகாட்டி."

ஒரே வாக்கியம்தான், நீளம். ஆனால் எது உங்களுடையது என்று வாசலில் நிற்பவருக்கும் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. சட்டத்தின் பிரிவு 3(f), தெரிந்த கருவிகளைத் தனித்தனியாக அவை வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்யும்படி சும்மா அடுக்கி வைத்தால் அது கண்டுபிடிப்பே இல்லை என்கிறது. பவர் டூல் விண்ணப்பங்களில் இது அடிக்கடி வரும் அடி: "ரவுட்டர் பழசு, ஸ்பிரிங் பழசு, உருளை பழசு, சேர்த்து வைத்ததுதானே?" ஒன்று மற்றொன்றை என்ன செய்ய வைக்கிறது என்று க்ளெய்மில் சொல்லியிருந்தால்தான் இதற்குப் பதில் இருக்கும்.

அடுத்த பொறி, "அந்த ஸ்பிரிங்". மூன்றாவது க்ளெய்மில் "அந்த ஸ்பிரிங் எஃகால் ஆனது" என்று இருக்கும். ஒன்றிலும் இரண்டிலும் ஸ்பிரிங் பேச்சே இருக்காது. எந்த ஸ்பிரிங்? ஓர் உறுப்பை முதலில் அறிமுகம் செய்துவிட்டுத்தான் பிறகு "அந்த" போட முடியும். அதேபோல ஓரிடத்தில் கை, இன்னோரிடத்தில் தண்டு, மூன்றாமிடத்தில் நெம்புகோல் என்று ஒரே உறுப்பை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடக் கட்டுரையில் அது அழகு. க்ளெய்மில் அது மூன்று தனித்தனி உறுப்பு.

"போன்றவை", "முதலியன", "விரும்பினால்", "சுமார்", "படத்தில் காட்டியபடி": இதெல்லாம் ஆட்சேபம் வாங்கித் தரும் சொற்கள். கம்பெனிப் பெயர் போட்டு "இன்ன பிராண்ட் பிளேடு" என்றாலும் அப்படியே. இதற்குப் பயந்து எல்லாவற்றையும் எண்ணால் கட்டிப்போடுவதும் ஆபத்து. "60 மில்லிமீட்டர் கை" என்று முதல் க்ளெய்மிலேயே எழுதினால், 65 மில்லிமீட்டரில் செய்பவரை நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. முதல் க்ளெய்மில் அமைப்பைச் சொல்லுங்கள். அளவைப் பின்னால், முதல் க்ளெய்மைச் சார்ந்து வரும் சார்பு க்ளெய்ம்களில் வையுங்கள்.

அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்வார்கள்

நம்பாதீர்கள். அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். பிரிவு 59-ன்படி, விண்ணப்பித்த பிறகு க்ளெய்மைக் குறுக்கலாம், விளக்கலாம், பிழை திருத்தலாம், அகலப்படுத்த முடியாது. முதல் நாள் கொடுத்த விவரக்குறிப்பில் இல்லாத உறுப்பைப் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. அந்தப் பல்சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கத்திலோ படத்திலோ அது தெளிவாக இருந்தால், பிறகு க்ளெய்முக்குள் கொண்டுவந்து தப்பிக்கலாம். "தகுந்த பொறிமுறை" என்று மட்டும் எழுதிவிட்டிருந்தால் பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. காகிதத்தில் இல்லாத பல்சக்கரம் சட்டத்துக்கு இல்லாத பல்சக்கரம்.

க்ளெய்மை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் மிஷினைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ, பத்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் யோசித்து, தமிழில் செய்தவர், தனக்குப் புரியாத மொழியில் எழுதிய க்ளெய்முக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார். இதில் என்ன நியாயம் என்று கிண்டியில் கேட்டால் விதி எண்ணைச் சொல்வார்கள். ஆகவே ஒன்று செய்யுங்கள்: தாக்கல் செய்யும் முன் ஒவ்வொரு க்ளெய்மையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, மிஷினைப் பார்க்காத இன்னொரு தச்சர் தாளில் படம் போட முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த க்ளெய்ம் இன்னும் வேகவில்லை.

அவசரமென்றால் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து விண்ணப்ப நாளைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் க்ளெய்ம் தேவையில்லை. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வர வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் போச்சு. ஒரு பக்கத்தில் "ஐடியா" மட்டும் எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அந்த நாள் சொந்தம். அதுவரை மிஷினை வீடியோ எடுத்துப் போடாதீர்கள், கண்காட்சியில் வைக்காதீர்கள்.

பணம் பிடுங்கும் இடங்கள்

தனிநபருக்கு இணையம் வழியே விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனை கேட்க 4,000. பத்து க்ளெய்முக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320, முப்பது பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160. அரசுக்குப் போவது அடிப்படையில் இவ்வளவுதான். மீதி எழுதுபவரின் கூலி. கூலி வாங்குவது தப்பில்லை. "எல்லாம் கவர்மென்ட் ஃபீஸ்" என்று மொத்தமாகச் சொல்வதுதான் தப்பு. ரசீதைக் கேளுங்கள்.

கூட்டாண்மை நிறுவனத்தின் பெயரில் போட்டால் இதே விண்ணப்பத்துக்கு 8,000. அதைக் குறைக்க உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுச் சான்றோடு படிவம் 28 வைக்க வேண்டும். உத்யம் பதிவு இலவசம். அதற்கு நூற்றுக்கணக்கில் வாங்கும் பிரவுசிங் சென்டர்களைத் தாண்டிப் போங்கள். தனி உரிமையாளர் பட்டறை என்றால் பட்டறைப் பெயரில் போடாமல் உங்கள் பெயரிலேயே போடுங்கள். பெண் விண்ணப்பதாரர் இருந்தால் விரைவுப் பரிசோதனை கிடைக்கும் என்று சொல்லி வீட்டம்மா பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். கிடைக்கும், உண்மைதான். ஆனால் அவர் சரிபாதி உரிமையாளர் ஆகிவிடுவார். அவர் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்கவோ விற்கவோ முடியாது. இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் சரி, தெரிந்து செய்யுங்கள்.

"பேடன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சு" என்று இனிப்புக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 18 மாதம் ஆனால் எல்லா விண்ணப்பமும் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். 2,500 கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். அதுவரை யாரும் உங்கள் க்ளெய்மைப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சிலர் வடிவப் பதிவு வாங்கிக் கொடுத்து அதையே பேடன்ட் என்பார்கள். அது தோற்றத்துக்கு மட்டும், வேலை செய்யும் விதத்துக்கு அல்ல. சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பரிசோதனை தானாக நடக்காது. படிவம் 18 கொடுக்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு அந்தக் கெடு 31 மாதம். தவறினால் நீங்களே திரும்பப் பெற்றதாகக் கணக்கு.

மெயில் எங்கே போகிறது?

பரிசோதகரின் முதல் அறிக்கையை எஃப்.இ.ஆர். என்பார்கள். அது முகவரின், அதாவது உங்கள் சார்பில் எழுதித் தாக்கல் செய்தவரின், மின்னஞ்சலுக்குப் போகும். உங்களுக்கு வராது. பதில் கொடுத்து ஆட்சேபங்களைத் தீர்க்க, அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதம். படிவம் 4 கொடுத்து மூன்று மாதம் நீட்டிக்கலாம், அதையும் ஆறு மாதம் முடியும் முன்பே கேட்க வேண்டும். பதிலே போகவில்லை என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். முகவர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் நடக்கும் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"தம்பி, ஏதாச்சும் மெயில் வந்துச்சா?"

"வந்தா நாங்களே கூப்பிடுவோம்ண்ணே."

கூப்பிட மாட்டார்கள். தாக்கல் செய்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சென்னைக்குப் போகச் சொல்வார்கள். சென்னையில் கேட்டால் "உங்க ஏஜென்ட்டைக் கேளுங்க" என்பார்கள். இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். காப்புரிமை அலுவலகத்தின் ஐ.பி. இந்தியா இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலைமை இலவசமாகத் தெரியும். வந்த அறிக்கையையும் போன பதிலையும் திறந்தே படிக்கலாம். மாதம் ஒருமுறை பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதற்கும் அங்கேயே பட்டியல் இருக்கிறது. சரிப்படவில்லை என்றால் வேறொருவருக்குப் படிவம் 26-ல் அதிகாரம் கொடுத்து, தொடர்பு முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்றிவிடுங்கள்.

பதில் எழுதும்போது "எங்கள் க்ளெய்ம் தெளிவாகவே உள்ளது" என்று ஒரு வரியில் முடித்து அனுப்புவது ஒரு வழக்கம். அது பதில் இல்லை, நாள் கடத்தல். ஆட்சேபம் எந்தச் சொல்லுக்கு, அந்தச் சொல்லுக்குப் பதில் எந்த உறுப்பு, அந்த உறுப்பு விவரக்குறிப்பில் எந்தப் பக்கம், எந்தப் படம் என்று சொல்ல வேண்டும். திருத்தியது தெரியும்படி ஒரு பிரதி, சுத்தமான பிரதி ஒன்று, இரண்டையும் வைக்க வேண்டும். பதில் தாக்கலாகும் முன் நகலை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தம் என்ற பெயரில் தேவையில்லாத அளவையெல்லாம் சேர்த்துக் க்ளெய்மைக் குறுக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறைக்காரர் சுலபமாகத் தாண்டிப் போகும் ஒன்றுக்குப் பேடன்ட் வாங்கிக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது?

பதில் போன பிறகும் அலுவலகத்துக்குத் திருப்தி இல்லை என்றால் விசாரணை வைப்பார்கள். வீடியோவில் நடக்கும், காரைக்குடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். முகவர் பேசட்டும், மிஷினோடு நீங்களும் உட்காருங்கள். இரண்டு கையும் ஒன்றாக விரிவதைக் காட்டினால் பாதி சந்தேகம் தீரும். ஆனால் முடிவு பேச்சை வைத்து வராது. விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதம் போயாக வேண்டும். அன்றைக்குப் பேசியது எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், ஆணை பிறப்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆணையும் முகவரின் மெயிலுக்குத்தான் போகும்.