வலி எங்கே அடங்குகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தின் மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பகுதிகளில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விரியாத பூமொட்டைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் அதுதான் கிராம்பு. மலையடிவாரத்து வீடுகளில் பல்வலி வந்த இரவில் அதில் ஒன்றை எடுத்து, மெல்லக் கடித்து, வலிக்கிற பல்லின் அருகே ஒதுக்கி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துப்போகும்; விடியும்வரை தூங்கலாம். மரத்துப்போவதற்குக் காரணம் பக்குவமும் அல்ல, கைராசியும் அல்ல, யூஜெனால் என்ற வேதிப்பொருள். உலர்ந்த கிராம்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால்தான்.

யூஜெனால் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன், வலி எப்படிப் பயணிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லிலோ தோலிலோ தசையிலோ சேதம் நேரும்போது, அங்குள்ள நரம்பு முனைகள் அதை மின்துடிப்பாக மாற்றுகின்றன. நரம்புச் சவ்வில் உள்ள நுண்ணிய தடங்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான் அந்தத் துடிப்பு உண்டாகி, அடுத்தடுத்து முன்னேறி, தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. அதுவரை அது வெறும் துடிப்பு. மூளை அதைப் பல இடங்களில் அலசி முடித்த பிறகே அது வலியாகிறது. ஆகவே, வலியைத் தணிக்க நினைப்பவருக்கு இந்த நீண்ட பாதையில் பல இடங்கள் கிடைக்கின்றன. நம் வீடுகளில் கையாளப்படும் ஒவ்வொரு வைத்தியமும் இவற்றில் ஏதோ ஓரிடத்தில்தான் வேலை செய்கிறது. எந்த இடம் என்று தெரிந்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

கிராம்பு வேலை செய்வது பாதையின் தொடக்கத்தில். யூஜெனால் அந்தச் சோடியம் தடங்களை அடைத்துத் துடிப்பு எழுவதையே தடுக்கிறது. பல் மருத்துவர் ஊசி வழியாகச் செலுத்தும் லிக்னோகெயினும் அடிப்படையில் இதே வேலையைத்தான், இன்னும் ஆழமாகவும் உறுதியாகவும், செய்கிறது. துத்தநாக ஆக்சைடுத் தூளையும் யூஜெனாலையும் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் முறை பல் மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்து வருவதால்தான், பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நமக்குக் கிராம்பு வாசனை அடிக்கிறது. ஆனால் பல்லின் உட்கூழில் கிருமிகள் செய்யும் வேலையைக் கிராம்பு நிறுத்துவதில்லை. சில நாள்களில் வலி தானாகவே நின்றுவிட்டால், பல் குணமாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. உள்ளே இருந்த நரம்பு இறந்துபோயிருக்கலாம், சீழ் எலும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கலாம். கடையில் வாங்கும் கிராம்பெண்ணெயை அப்படியே ஈறில் வைத்தால் தோல் வெந்துபோகும். சிறு குழந்தைகள் அதை விழுங்கினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும் என்பதால், முழுக் கிராம்பை வைத்துக்கொள்வதே வீட்டுக்கு ஏற்றது.

அடுத்த இடம் தண்டுவடம். ரப்பர் பால்வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டால் முதலில் சுரீரென்று ஒரு கூர்மையான வலி, ஒரு நொடி தாமதித்து விண்விண்ணென்று தெறிக்கும் இன்னொரு வலி என இரண்டாக உணர்கிறோம். வெவ்வேறு வேகம் கொண்ட இருவகை இழைகள் இவற்றைச் சுமந்து வருகின்றன. மெல்லிய கொழுப்புறை கொண்ட முதல்வகை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உறையே இல்லாத இரண்டாம் வகை நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. தொடுதலையும் அழுத்தத்தையும் சுமக்கும் தடித்த இழைகளோ இவ்விரண்டையும் விட வேகமானவை. அடிபட்ட இடத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நாம் கையால் தேய்த்துக்கொள்கிறோமே, அதன் காரணம் இங்கே இருக்கிறது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு வாயில் இருப்பதாகவும், தடித்த இழைகள் வழியே தொடுதலின் செய்தி வரும்போது அந்த வாயில் வலித்துடிப்புகளுக்குக் குறுகிவிடுவதாகவும் முன்மொழிந்தனர். அவர்கள் வரைந்த நரம்புச் சுற்றின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன என்றாலும், அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. இயன்முறை மருத்துவ நிலையங்களில் தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும் இந்தக் கருத்தின் அடிப்படையில் பிறந்ததுதான்.

குமரி மாவட்டத்தில் தடவல், உழிச்சல் என்றாலே வர்ம ஆசான்களின் நினைவு வரும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைக் கணக்கிட்டு, அடிபட்டவர்களுக்கு இளக்குமுறையும் (வர்ம அடியின் பாதிப்பை நீக்கும் கைமுறை) எண்ணெய்த் தடவலும் செய்யும் மரபு இங்கே தலைமுறைகளாகத் தொடர்கிறது. இதில் உடலியங்கியல் விளக்கக்கூடிய பகுதி கணிசமானது. அழுத்தமும் தேய்ப்பும் தண்டுவட வாயிலைக் குறுக்குகின்றன. இறுகிய தசை நெகிழ்கிறது. வெதுவெதுப்பான எண்ணெய் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இவற்றுக்கு அப்பால், மயிருள்ள தோலில் மெதுவான வருடலுக்கு மட்டுமே நன்கு விழித்துக்கொள்ளும் தனிவகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை மிகுதியாகத் துடிக்கின்றன என்றும், அந்த வேகத்தையே மனிதர்களும் மிக இதமாக உணர்கிறார்கள் என்றும் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேர்ந்த கைகள் அவசரப்படாமல் தடவுவதில் இப்படியொரு கணக்கு இருக்கிறது. குறிப்பிட்ட ஒவ்வொரு வர்மப் புள்ளிக்கும் சொல்லப்படும் தனித்தனிப் பலன்களை இந்த விளக்கங்களைக் கொண்டு நிறுவிவிட முடியாது. அவற்றுக்குத் தனியே, கட்டுப்பாடான சோதனைகள் தேவை. எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போதும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிக்கும்போதும் தடவவே கூடாது. பின்னதில் சிரையில் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

வலிக்கு வெந்நீர் ஒத்தடமும், நொச்சி இலை அல்லது தவிடு வறுத்துக் கட்டிய கிழியும் கொடுக்கும் சுகத்துக்கு இன்னொரு வழியும் உதவுகிறது. நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி, ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கிறது. இதே ஏற்பியை மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் திறக்கிறது என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். மிளகாய் தின்றால் வாய் எரிவதாக உணர்வது அதனால்தான். வெப்பம், தொடுதல் ஆகியவற்றின் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கேப்சைசினைத் தொடர்ந்து பூசினால் அந்த நரம்பு முனைகள் களைத்து, சிறிது காலத்துக்குச் செயலற்றுப் போகின்றன. அக்கி வந்து போன பின் நீடிக்கும் நரம்பு வலிக்கு அதைக் கொண்ட களிம்புகளையும் ஒட்டுப்பட்டைகளையும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது இந்தக் களைப்பைப் பயன்படுத்தித்தான். பெட்டிக்கடையில் விற்கும் வலி தைலத்தில் உள்ள மெந்தாலோ குளிர்ச்சியை அறியும் வேறோர் ஏற்பியைத் திறக்கிறது. தைலம் பூசிய இடத்தில் தோலின் வெப்பநிலை குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. குளிர்ந்துவிட்டதாக நரம்பு பொய் சொல்கிறது, மூளை நம்பிவிடுகிறது. தைலத்திலும் கட்டியாகவும் கிடைக்கும் கற்பூரம் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் மறக்கலாகாது.

சுளுக்கிய முதல் ஓரிரு நாள்களில் வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியும், நாள்பட்ட இறுக்கத்துக்குச் சூடும் பொதுவாக உகந்தவை. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்கள் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டால், சுடுவதே தெரியாமல் கொப்புளம் எழுந்துவிடும்.

உள்ளுக்குச் சாப்பிடும் பொருள்களைப் பற்றி ஊரில் பேசப்படும் அளவுக்கு ஆதாரம் இல்லை. சேதமடைந்த திசுவில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் நரம்பு முனைகளை எளிதில் துடிக்கச் செய்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் காட்டினார். இஞ்சியில் உள்ள ஜிஞ்சரோலும், அதை உலர்த்திச் சுக்காக்கும்போது உருவாகும் ஷோகாலும் இதே பாதையில் மென்மையாகக் குறுக்கிடுகின்றன. மாதவிடாய் வலியில் சுக்குப் பொடி ஓரளவு பயன் தந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. மஞ்சளின் குர்குமின் சோதனைக் குழாயில் வீரியமாக இருந்தாலும், குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் பலமடங்கு கூடும் என்று 1998-இல் ஓர் ஆய்வு கண்டது உண்மை. அதற்காக இரவில் ஒரு தம்ளர் மஞ்சள் பாலை மூட்டுவலி மருந்தாகக் கொள்ள முடியாது. இதமான பானமாகக் குடிக்கலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் சிலருடைய கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அவற்றை மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

பாதையின் கடைசி இடமும் வலிமை மிக்க இடமும் மூளைதான். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புகள், வாயிலை மேலிருந்தே மூடவும் திறக்கவும் செய்கின்றன. இதற்கான கருவிகளில் ஒன்று, உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள். அவற்றில் முதலாவதை 1975-இல் அபெர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பிரித்தெடுத்தனர். மூன்றாண்டுகள் கழித்து, கடைவாய் ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தற்ற ஊசியை வலிமருந்து என்று நம்பிப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வலி குறைந்தது. அபினின் செயலை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அந்த நிவாரணம் மறைந்தது. அதாவது, நம்பிக்கை உடலுக்குள் வேதிப்பொருளாகவே வேலை செய்திருக்கிறது. ஆசான் நாடி பிடித்து, நிதானமாகக் கேட்டு, ‘சரியாகிவிடும்’ என்று சொல்வதிலும், மருத்துவர் முகம் பார்த்துப் பேசுவதிலும் இதே வேதியியல் இருக்கிறது. ‘அது வெறும் நம்பிக்கைதானே’ என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் இந்தச் சோதனையை அறியாதவர்கள்.

மன அழுத்தம் இதே வழியில், ஆனால் இரு திசைகளிலும் செயல்படுகிறது. திடீர் ஆபத்தில் அட்ரினலின் பெருகி வலி சிறிது நேரம் அமுங்கிவிடுகிறது. மடிவலை இழுக்கும்போது கையைக் கிழித்த கயிற்றைக் கரையேறிய பிறகே மீனவர் கவனிக்கிறார். ஆனால் கவலை வாரக்கணக்கில் நீடித்தால், அதே ஏற்பாடு உடலுக்கு எதிராகத் திரும்புகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த குமரிக் கடற்கரை வீடுகளைப் போன்ற நிலையில், கழுத்தும் தோளும் இறுகியே இருக்கும், உறக்கம் துண்டு துண்டாகும், மன அழுத்தத்தில் சுரக்கும் இயக்குநீரான கார்ட்டிசாலின் அன்றாட ஏற்ற இறக்கம் குலையும். உறக்கம் குறைந்தவருக்கு அதே சூடும் அதே அழுத்தமும் கூடுதலாக வலிப்பதை ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நள்ளிரவு கடந்ததும் எழுந்து பால்வெட்டப் போகிறவர்கள் பகலில் தூங்கி அந்தக் கணக்கைச் சரிசெய்வதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது.

அழுத்தத்தைத் தணிக்கச் செலவில்லாத கருவி மூச்சு. இதன் அறிவியல் இந்த மாவட்டத்துக்கு மிக நெருக்கமானது. 2001-இல் லூசியானோ பெர்னார்டி குழுவினர் நலமான 23 பேரிடம், இலத்தீன் மொழியில் செபமாலையின் மரியன்னை மன்றாட்டையும், பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் சொல்லி அளந்தனர். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பான அலையும் ஏறக்குறைய 10 நொடிக்கு ஒன்று என்பதால், மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் இணைந்தன. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி வலுத்தது. கோட்டாறு பேராலயத்துச் செபமாலைக்கும் சுசீந்திரத்துப் பக்தரின் நாமசெபத்துக்கும் இந்தப் பலன் பொதுவானது. ஒரே மூச்சில் விரைவாகச் சொல்லி முடிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்காது. எதையும் ஓத விரும்பாதவர்கள் 4 நொடி இழுத்து 6 நொடி விட்டாலே போதும்.

முதுகுவலிக்கு நம்மில் பலர் செய்யும் தவறு, நாள்கணக்கில் படுத்துவிடுவது. முந்திரி ஆலையில் குனிந்து அமர்ந்தே உழைக்கும் பெண்களுக்கு வரும் சாதாரண இடுப்புவலியில், படுக்கை ஓய்வை விட, தாங்கும் அளவுக்கு நடமாடுவதே விரைவில் தேற்றுகிறது. இயக்கம் தசைகளுக்கு மட்டுமல்லாமல், மூளையிலிருந்து இறங்கிவரும் அந்தத் தணிப்பு நரம்புகளுக்கும் வேலை கொடுக்கிறது.

மேலே சொன்ன எதுவும் வலியின் மூலத்தைத் தொடுவதில்லை. பாதையில் மட்டுமே குறுக்கிடுகிறது. எனவே, செய்தியை அடக்கவே கூடாத வலிகளும் உண்டு. இடுப்புவலியோடு கால் வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்து வருவது ஆகியவற்றுக்கு ஒத்தடம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சின் நடுவே அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையுடன் வரும் வலியை வாயு என்று கருதிச் சுக்குக் கசாயம் காய்ச்சத் தொடங்குவது இங்கே இன்னும் நடக்கிறது. அந்த நேரத்தில் 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, இதய மின்வரைபடம் எடுக்கும் வசதியுள்ள அருகிலுள்ள வேறு மருத்துவமனையோ, எது முதலில் வருமோ அங்கே போய்ச் சேர வேண்டும்.