ஃபேன் கண்டன்சருக்குள் ஏன் தண்ணீர் இல்லை?

மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டு ஃபேன் மந்தமாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் முதலில் கை வைப்பது கண்டன்சரில்தான், அதாவது இரண்டு தகடுகளில் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் சின்ன டப்பாவில். அதன் கொள்ளளவு, அதாவது எவ்வளவு சேமிக்கும் என்பதன் அளவு, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். உள்ளே இருப்பது சுருட்டி வைத்த பாலிப்ரொப்பிலீன் படலம். அதன்மேல் மெல்லிசாகப் பூசிய உலோகம்தான் தகடு. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மின்காப்பு.

அந்தப் பிளாஸ்டிக் சும்மா தகடுகளைப் பிரித்து வைப்பதோடு நிற்பதில்லை. வோல்டேஜ் கொடுத்ததும் அதன் மூலக்கூறுகளில் உள்ள நேர் மின்னூட்டம் எதிர்த் தகட்டின் பக்கமும், எதிர் மின்னூட்டம் நேர்த் தகட்டின் பக்கமும் இம்மியளவு நகரும். இதனால் தகடுகளுக்கு இடையிலான மின்புலம் தளரும். வோல்டேஜ் இறங்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட மின்சப்ளை இன்னும் கொஞ்சம் மின்னூட்டத்தைத் தகட்டில் ஏற்றும். அதே வோல்டேஜில் கூடுதல் சேமிப்பு, அவ்வளவுதான். வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு என்பதை மின்காப்பு மாறிலி சொல்லும். கண்ணாடி, கந்தகம், அரக்கு என்று மாற்றி மாற்றி வைத்து ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதை அளந்தது 1837-ல்.

காற்றுக்கு இது ஏறக்குறைய 1. பாலிப்ரொப்பிலீனுக்கு 2.2. மைக்காவுக்கு 6 வாக்கில். தண்ணீருக்கோ சுமார் 80! தண்ணீர் மூலக்கூறில் ஏற்கெனவே நேர்முனை, எதிர்முனை உண்டு. மின்புலம் வந்ததும் அப்படியே திரும்பிக்கொள்ளும்.

அப்படியானால் இந்தப் பக்கம் பாக் நீரிணை, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா என்று தண்ணீர் கிடக்கும் ஊரில் அதையே ஊற்றிவிடலாமே? முடியாது. கடல்நீரில் உள்ள சோடியம், குளோரைடு அயனிகள் நின்ற இடத்தில் திரும்புவதில்லை, தகடு நோக்கிப் போய்விடும். இரண்டு தகட்டையும் கம்பியால் இணைத்த கதைதான். சுத்தமான தண்ணீர்கூட மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். சேமித்த மின்சாரத்தை ஒரே துடிப்பாகச் சட்டென்று விடும் சில ஆய்வு இயந்திரங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் மின்னூட்டம் அதில் நிற்க வேண்டியது மைக்ரோ நொடிகள்தான்.

ஃபேனுக்கு அது உதவாது. 2.2 என்பது சொற்பம்தான், ஆனால் பிளாஸ்டிக்கைச் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு இழுக்கலாம், வீட்டு மின்சாரத்தையும் தாங்கும். இடைவெளி பாதியானால் கொள்ளளவு இரட்டிப்பு. மாறிலியில் விட்டதைத் தடிமனில் பிடித்துவிடுகிறார்கள்.

சரி, உப்புக்காற்று என்ன செய்கிறது? பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்வதில்லை. சீல் விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகுந்து உலோகப் பூச்சை அரிக்கிறது. தகட்டின் பரப்பு குறையக் குறைய மைக்ரோஃபாரட்டும் இறங்கும். புதிதாக வாங்கும்போது பழையதில் அச்சிட்ட மைக்ரோஃபாரட்டையும் வோல்டேஜையும் பார்த்து அதையே கேளுங்கள். கூடுதலாகப் போட்டால் ஃபேன் வேகமாகச் சுற்றும் என்று நினைத்து மாட்டினால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறும்.