டாக்டர் கேள்வி கேட்டால் நூலகர் என்ன செய்கிறார்?

சராசரியாக இரண்டு நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்கு, தனக்கு உடனே விடை தெரியாத ஒரு கேள்வியாவது எழுந்துவிடுகிறது. டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை; பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரையின் கணக்கு இது, நோயாளி ஒருவருக்கு 0.57 கேள்வி. அவற்றில் சுமார் பாதியைத்தான் அவர்கள் தேடிப் பார்க்கிறார்கள், தேடியவற்றில் 78 சதவீதத்துக்கு விடையும் கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி ஏன் அப்படியே நின்றுபோகிறது? நேரம் இல்லை, அப்புறம், தேடினாலும் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா என்ற சந்தேகம்.

ஆஸ்பத்திரி நூலகர்கள் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி மருத்துவப் பள்ளியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர் 1971-இல் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார். நூலகர்கள் டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்கே போவார்கள், படுக்கையருகே எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வருவார்கள், கட்டுரைகளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தொலைபேசி இணைப்பு வழியாக மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவிய மெட்லைன் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

சரி, கேள்வி வந்ததும் என்ன நடக்கிறது? முதலில் தேடல் நடப்பதில்லை, பேச்சுதான் நடக்கிறது. "வயதானவர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) இருக்கிறது, அடிக்கடி கீழே விழுகிறார், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டால் அதை அப்படியே தட்டச்சு செய்து பயனில்லை. நூலகர் திருப்பிக் கேட்பார்: வயது எண்பதுக்கு மேலா, சிறுநீரகம் எப்படி, மனதில் இருக்கும் மருந்து வார்ஃபரினா அபிக்ஸபானா, எதோடு ஒப்பிட வேண்டும், மருந்தே கொடுக்காமல் விடுவதோடா, எந்த விளைவு முக்கியம், பக்கவாதமா மூளைக்குள் ரத்தக்கசிவா? யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதற்குப் பதிலாக, என்ன விளைவு என்ற இந்த நான்கு துண்டுகளாகக் கேள்வியை உடைப்பதற்கு பிக்கோ என்று பெயர், 1995-இல் எழுதி வைக்கப்பட்ட முறை. பார்க்க எளிமையாக இருந்தாலும் என் கணிப்பில் மொத்த வேலையின் பாதி இதுவே.

அடுத்தது சொற்கள். மெட்லைனையும் உள்ளடக்கிய இணையத் தேடல் தளமான பப்மெட்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைப் பதிவுகள் இருக்கின்றன, ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர். பிரிட்டனில் பாராசிட்டமால் என்பது அமெரிக்காவில் அசிட்டாமினோஃபென், அட்ரினலின் என்பது எபிநெஃப்ரின். ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் மற்றதில் எழுதப்பட்டவை நழுவிவிடலாம். இதற்காகவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் மெஷ் என்ற சொற்பட்டியலை வைத்திருக்கிறது. கட்டுரையாளர் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அது ஒரே தலைச்சொல்லின் கீழ் வந்துவிடும். ஆனால் பப்மெட்டில் மெஷ் சேர்க்கப்படாத பதிவுகளும் உண்டு, அதனால் நல்ல நூலகர் மெஷ் சொல்லையும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே வலை வீசுவார், மருந்துக் கேள்வி என்றால் எம்பேஸ், செவிலியப் பராமரிப்பு என்றால் சினாஹ்ல் என்று வேறு தரவுத்தளங்களுக்கும் போவார். கிடைத்த குவியலில் முறையான தொகுப்பாய்வு எது, சீரற்ற முறையில் குழு பிரித்துச் செய்த சோதனை எது, பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எது என்று பிரித்துத் தருவார். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு டாக்டருடையது.

தேடல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001-இல் நடந்தது ஒரு கொடுமையான உதாரணம். ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்றில் 24 வயதான, ஆரோக்கியமான ஒரு தன்னார்வலர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்தார், நுரையீரல் பழுதாகி சில வாரங்களில் இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடாமல் இல்லை, பப்மெட்டில் தேடியிருந்தார். அப்போது பப்மெட் பெரும்பாலும் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் காட்டியது. ஒரு தரவுத்தளம் எந்த ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு முந்தையதை எந்த அச்சுத் தொகுப்பில் பார்க்க வேண்டும் என்பது நூலகருக்கு அன்றாட அறிவு. ஒரு உயிர் போன பிறகுதான் அந்த அறிவின் மதிப்பு பேசப்பட்டது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தேதியில் தேடினோம் என்று நூலகர்கள் எழுதி வைப்பது இதற்காகத்தான். "தேடினோம், ஒன்றும் இல்லை" என்ற பதிலை அந்தக் குறிப்பு இல்லாமல் நம்பக்கூடாது.

இதெல்லாம் நோயாளிக்குப் பயன்படுகிறதா? நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் 15 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 1992-இல் வெளியானது. நூலகத்திலிருந்து தகவல் பெற்ற 208 டாக்டர்களில் 80 சதவீதம் பேர், அதனால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றியிருப்போம் அல்லது நிச்சயம் மாற்றினோம் என்றார்கள். 51 சதவீதம் பேர் பரிசோதனைகளை மாற்றியதாகவும், 45 சதவீதம் பேர் மருந்தை மாற்றியதாகவும், 29 சதவீதம் பேர் நோய்க்கணிப்பையே மாற்றியதாகவும் சொன்னார்கள். இது டாக்டர்கள் தாங்களே சொன்னது, நேரடியாக அளந்தது இல்லை, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் நடந்து 2008-இல் வெளியான சோதனை இன்னும் உறுதியானது: அதில் கேள்விகளைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள், நூலகர்கள் ஒரு கேள்விக்குச் சராசரியாக 14 நிமிடத்துக்குள் பதில் தந்தார்கள், மருத்துவப் பணியாளர்கள் தாங்களே தேடியபோது 20 நிமிடம் ஆனது, நூலகர் தந்த பதில்களே அதிகம் உதவின என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

நம் பக்கம் தகவலுக்கு வழி திறந்துதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் கட்டியதால் 2007-இல், சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகம் என்ற இணையத் தொகுப்பு நாடு முழுவதும் இலவசமாகத் திறந்தது, காக்ரேனின் தெற்காசிய மையம் வேலூர் சிஎம்சியில் வளர்ந்தது. ஆனால் சந்தா கட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. இரவுப் பணியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனுக்குக் கேள்வியைப் பிரித்து, சொற்களைத் தேர்ந்து, நான்கு நல்ல கட்டுரைகளை எடுத்துத் தர ஒரு ஆள் வேண்டும். மருத்துவக் கல்லூரி நூலகர் பதவியைப் புத்தகக் கணக்கு பார்க்கும் பதவியாக வைத்திருக்காமல் வார்டோடு இணைத்தால், ஏற்கெனவே கட்டிய சந்தாவிலிருந்தே இன்னும் நிறையக் கேள்விகளுக்கு விடை எடுக்கலாம்.